டிஸ்சார்ஜோடு கணக்கை மூடாதீர்கள்: ஹெர்னியா அறுவை செய்துகொண்டோரின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வுத் துறை, அரசு, தனியார் மருத்துவமனை நிர்வாகங்கள்.

தொடையிடுக்கில் இறங்கிய குடலுக்கு லேப்ராஸ்கோப்பி வழியே மெஷ் வைத்துக்கொண்டவர்கள் நாங்கள். இந்தச் சிகிச்சைக்கு எதிரிகள் அல்லோம். திறந்து செய்வதைவிட இதில் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம், மரத்துப்போவதும் குறைவு. மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு ஒரு வாரக் கூலி பெரிது. ஆனால் பாலிப்ரொப்பிலீன் மெஷ் கரையாது, ஆயுள் முழுக்க உடம்பில் இருக்கும். தையல் ஆறியதும் 'வெற்றி' என்று எழுதிக் கோப்பை மூடுவதை ஏற்கமாட்டோம்.

முதல் கோரிக்கை, மற்றவற்றுக்கெல்லாம் தாய்: மாநிலம் முழுவதற்குமான ஹெர்னியா பதிவேடு. ஸ்வீடன் 1992இலும் டென்மார்க் 1998இலும் தொடங்கிவிட்டன. என்ன முறை, எந்த மெஷ், மறு அறுவை தேவைப்பட்டதா என்பது அங்கே எழுத்தில் இருக்கிறது. இங்கே முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கட்டப்படும் ஒவ்வொரு ஹெர்னியா அறுவைக்கும் மூன்று மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு கழித்து விசாரிக்க வேண்டும். புடைப்பு திரும்பியதா? குனிந்து நிமிர முடிகிறதா? விதைப்பையில் வலியா? தாம்பத்தியத்தில் தொந்தரவா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை; கூச்சத்தால் நாங்களும் சொல்வதில்லை. கேட்க ஆளில்லை என்று சொல்ல வேண்டாம். பிரஷர், சுகர் பார்க்க 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வருகிறதே!

இரண்டாவது, ஒப்புதல் படிவம். தியேட்டருக்குப் போகும் காலையில் நீட்டும் தாள் அல்ல, முன்னதாகவே, தமிழில். நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு நாள்பட்ட வலி வரலாம் என்று 2018இன் சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. லேப்ராஸ்கோப்பியில் அது குறையலாம், இல்லாமல் போகாது. தொந்தரவு அதிகமில்லாத ஆண்கள் அறுவையைத் தள்ளிப்போட்டுக் கண்காணிப்பில் இருக்கலாம் என்பதையும், மெஷ் வேண்டாதவருக்கு ஷோல்டைஸ் தையல்முறை உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாவது: அறுவை செய்பவர் இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் வேண்டும். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டில் ஹெர்னியா திரும்பியது லேப்ராஸ்கோப்பியில் 10.1 சதவீதம், திறந்த அறுவையில் 4.9. 250க்கு மேல் செய்து பழகிய கைகளிலோ லேப்ராஸ்கோப்பியின் தோல்வி வெகுவாகக் குறைந்தது. ஆக, கருவியைவிடக் கைதான் முக்கியம். கற்கும் மருத்துவர் கற்கட்டும், மூத்தவர் பக்கத்தில் நின்றால் போதும்.

நான்காவது: மெஷ்ஷின் பெயர், லாட் எண் உள்ள ஸ்டிக்கரை நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தர வேண்டும். கோளாறு தெரிந்தால் 2015இல் தொடங்கிய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் புகார் போக வேண்டும். விலை அதிகமான மெஷ்தான் நல்லது என்று தலையில் கட்டக் கூடாது. உகாண்டாவில் திறந்த அறுவையில் கொசுவலைத் துணியை வைத்துப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் விலை உயர்ந்த மெஷ்ஷோடு பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கடைசியாக: வலியோடு திரும்பி வருபவரை 'எல்லாம் மனசுதான்' என்று அனுப்பாதீர்கள். ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு நாள், வலி மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து உட்காரும் புறநோயாளிப் பிரிவு வேண்டும்.