பட்டிக் காவலுக்குச் செவியே பிரதானம்

இராஜபாளையம் நாயின் வெண்ணிறத்தை நம் மிராசுதாரர்கள் பெரிதும் விரும்புகின்றனர். 2005-ம் வருஷத்தில் தபால் தலையிலும் இடம்பெற்ற ஜாதியாதலால் அவ்விருப்பம் வியப்பன்று. ஆயினும் இரவில் ஆட்டுப்பட்டியைக் காப்பது நிறமன்று, செவியே. வெள்ளைக் குட்டிகளிற் சில செவிடாய்ப் பிறத்தல் இந்த ஜாதியில் அறிந்த குறை. நிறமிக் குறைவு உட்செவியையும் கெடுக்கின்றது. புள்ளிக் குட்டிகளைக் கழித்து, வெள்ளையையே இனவிருத்திக்கு நிறுத்துவோர் இக்குறையைத் தாமே வளர்க்கின்றனர். இது வீண் ஆடம்பரமென்பதே எமது அபிப்பிராயம்.

குட்டிக்கு 6 வாரமானதும், அது தனியே உறங்குகையில், சற்றுத் தூரத்தில் நின்று தகரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். தரை அதிரலாகாது, அதிர்வை உணர்ந்து செவிட்டுக் குட்டியும் விழித்துவிடும். ஒரு செவி மட்டும் கேளாததை இச்சோதனை காட்டாது. ஆகையால் செவிட்டுக் குட்டி ஈன்ற ஜோடியை, எவ்வளவு அழகாயிருப்பினும், மறுபடி சேர்க்கலாகாது.