பிள்ளை மடுவம் எத்தனை மணிக்குத் திறக்கும்?

இந்தக் கிழமை பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் ஒரு படம். பெருந்தோட்ட நிறுவனம் ஒன்றின் அதிகாரிகள் சமூகப் பொறுப்புக்கான விருதைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்கள். தேயிலைச் சந்தையில் சமூகப் பொறுப்பே இனிப் போட்டிப் பலம் என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் கொழுந்து பறிப்பவர் ஒருவர்கூட இல்லை. கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போயிற்று, கோபம் ஆறவில்லை.

எழுதியிருந்தது பொய்யில்லை. மெரில் ஜே. பெர்னாண்டோ தேயிலையை இங்கேயே பொதிசெய்து டில்மா என்ற சொந்தப் பெயரில் வெளிநாட்டுக் கடைகளில் வைத்தார். இலாபத்தில் ஒரு பங்கை அறக்கட்டளைக்கு ஒதுக்கினார். அந்தக் கதையையும் சேர்த்துத்தான் வெளிநாட்டார் அந்தப் பெட்டியை வாங்குகிறார்கள். ஆனால் நமது சப்ரகமுவத் தேயிலையில் பெரும்பகுதி ஈராக், துருக்கி, ரஷ்யா என்று போகும் தாழ்நிலத் தேயிலை. அங்கே வாங்குபவர் இலையின் கறுப்பையும் முறுக்கையும் பார்ப்பார், பெட்டியில் சமூகப் பொறுப்புச் சான்றிதழின் தவளை முத்திரை இருக்கிறதா என்று தேடமாட்டார். அப்படியானால் அந்தப் பலம் நமது தோட்டங்களுக்கு எங்கிருந்து வரும்?

வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்திலிருந்து வரும் என்பேன்.

அம்மா யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டினார். இறப்பர் மரம் விடியற்காலையில்தான் நன்றாகப் பால் கொடுக்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் தளர்ந்துவிடும். ஆகவே இருட்டு விலகுமுன்பே வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போயாக வேண்டும். மடுவமோ ஏழு மணிக்குத்தான் திறக்கும். இடைப்பட்ட நேரத்துக்குக் கைக்குழந்தையாக இருந்த என்னை யார் பார்ப்பது? அக்கா பார்த்தாள். என்னை மடுவத்தில் விட்டுவிட்டு அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் இடாப்புக் கூப்பிட்டு முடிந்திருக்கும். பிறகு போவதையே விட்டாள். இன்றும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவை என்னிடம் நீட்டுவாள். ஒரு மணி நேரம் முன்னதாகக் கதவைத் திறக்க அந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் நிறுவனங்களின் கைக்குப் போனது. அரசும் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் அந்த ஆண்டில்தான் வந்தது. மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் ஆயின. பிள்ளைகளைப் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள் வந்தார்கள். நல்ல வேலை. அப்படி நன்றாக நடக்கும் ஒரு நிலையத்துக்குப் போனால் சுவரில் பிள்ளைகளின் உயரமும் நிறையும் குறித்த அட்டைகள், வாசலில் வரிசையாகச் சின்னச் செருப்புகள். எனக்கு அங்கிருந்து எழுந்து வரவே மனம் வராது.

போட்டிப் பலத்தின் கணக்கும் அங்கேதான் இருக்கிறது. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை மலையைச் சுற்றிப் பறித்தாக வேண்டும். ஆள் போதாமல் சுற்று நீண்டால் கொழுந்து முற்றும். முற்றிய இலை ஸ்டோருக்குப் போனால் கொழும்பு ஏலத்தில் விலை விழும். இன்று நமது தோட்டங்கள் கென்யாவோடு மட்டுமா போட்டி போடுகின்றன? கொழும்புப் புடவைக்கடை, அவிசாவளை ஆடைத் தொழிற்சாலை, இரத்தினபுரி மாணிக்கக் குழி எல்லாம் அதே கைகளைத்தான் கூப்பிடுகின்றன. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனபிறகும் இளையவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். பிள்ளையை நம்பி விட்டுப்போக இடமுள்ள தோட்டத்தில் ஒரு தாய் நிற்பாள். இல்லாத தோட்டத்தில் தேயிலை காடாகும்.

  

விருது வாங்கிய நிறுவனத்தின் மடுவங்கள் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கின்றன என்பது அந்தச் செய்தியில் இல்லை. அடுத்த கிழமை அவர்களுடைய தோட்டமொன்றுக்குப் போகிறேன். அக்காவும் வருகிறாள். ஐந்தரைக்கே வாசலில் நிற்போம்.