பின்கட்டுக்கு மடக்குக் கதவு வேண்டுமா?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து, வழக்கம்போல் காப்பியும் பேச்சுமாக நின்றுகொண்டிருந்தோம். மல்லேஸ்வரத்து நண்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "உங்க வீட்டுப் பின்கட்டுல மடக்குக் கதவு போட்டிருக்கீங்களாமே, நாங்களும் போடலாம்னு இருக்கோம். மரத்துல போடலாமா, அலுமினியமா?" என்று கேட்டார். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை. பழைய வீடு வைத்திருக்கும் அன்பர்கள் நம்மில் இன்னும் சிலர் இருப்பதால், எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு பசவனகுடியில், என் தாத்தா 1938-ல் கட்டியது. 1898-ல் பிளேக் வந்த பிறகு, பேட்டையின் நெரிசலை விட்டு ஜனங்கள் காற்றோட்டமாகக் குடியேறிய பகுதி பசவனகுடி. ஆனால் அந்தக் காற்றோட்டமெல்லாம் முன்பக்க வராந்தாவோடு சரி. கூடத்தைத் தாண்டிச் சாப்பாட்டு அறைக்குப் போனால் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போடவேண்டும். பதினான்கு அங்குலச் சுவர், அதில் ஒரு சின்னக் கதவு, இரண்டு ஜன்னல். வெளியே மாமரமும் கிணறும் இருப்பதே உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

2018-ல் வெளிநாட்டிலிருந்து திரும்பிய என் மகன், "அப்பா, இந்த இருட்டுல குழந்தையை வளர்க்க முடியாது. வெளிச்சம் வரணும், இல்லேன்னா நாங்க ஃபிளாட் பார்த்துக்கறோம்" என்றான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாசலில் வந்து நிற்கும் பில்டருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன? சுற்றிலும் பழைய வீடுகள் போனதெல்லாம் இப்படித்தான். யாரும் ஆசைப்பட்டு இடிப்பதில்லை. வசிக்க முடியவில்லை என்று ஒருநாள் தோன்றிவிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே, பழைய வீட்டில் கை வைக்கவே கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. எங்கே, எப்படிக் கை வைப்பது என்பதில்தான் என் பிடிவாதம் எல்லாம்.

முதலில் எங்கே? வாசல் பக்கம் தொடவே கூடாது. வராந்தாவின் மரச் சட்டங்களும், ஜன்னலுக்கு மேலே கூர்மையாக நிற்கும் 'மங்கி டாப்' கூரையும், இரட்டைத் தலைவாசல் கதவும் அப்படியே இருக்கட்டும். அவை தெருவுக்கும் சொந்தம். பின்கட்டு நம் சௌகரியத்துக்கு.

அடுத்து, அண்ணாந்து பார்க்கவேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பல 'மெட்ராஸ் டெரஸ்' கூரை கொண்டவை. தேக்கு உத்திரங்களை வரிசையாகப் போட்டு, மேலே மெல்லிய செங்கல்லைச் சாய்வாகக் குத்திட்டு, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்துத் தளம் போடுவார்கள். அந்த உத்திரங்களின் நுனி எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தச் சுவர்தான் கூரையைச் சுமக்கிறது. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே உள்ள சுவர்த் துண்டு வெறும் செங்கல்தானே என்று தட்டி எடுத்தால் கூரை கீழே வரும். எங்கள் நல்ல காலம், உத்திரங்கள் பின்சுவருக்கு இணையாக ஓடின. அப்படியும் ஒரு கட்டட இஞ்சினியரைக் கூப்பிட்டு, இரும்பு கர்டர் கொடுத்த பிறகுதான் பத்தடி அகலம் திறந்தோம். அவருக்குக் கொடுத்த பணத்தை நான் செலவாகவே நினைக்கவில்லை.

அம்மாவுக்கு அப்போது வயது 81. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "ராத்திரி நான் தனியா இருக்கறச்சே கண்ணாடிக் கதவை நம்பித் தூங்கச் சொல்றியா?" நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

2019 மார்ச்சில், ஒரு பெரிய கடையில் ஆர்டர் கொடுத்து நான்கு மடிப்புக் கதவு வந்து மாட்டினார்கள். 'அசல் தேக்கு' என்றார்கள். ஒரு விரலால் தள்ளினால் வாத்தியம் போல மடங்கியது. அக்டோபர் மழையில் அதே கதவை நானும் மகனும் தோள் கொடுத்தும் நகர்த்த முடியவில்லை. பாதி திறந்த நிலையில் சிக்கிக்கொண்டது. அன்று இரவு அம்மா சமையலறைக்குப் பக்கத்தில் பாய் போட்டு, அந்தத் திறப்பைப் பார்த்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. கடைக்காரர்களோ, "மரம்னா அப்படித்தான் சார்" என்று முடித்துவிட்டார்கள்.

மரம் அப்படித்தான் என்பது உண்மை. அதற்கு ஏற்றபடி கதவு செய்யவேண்டும் என்பதும் உண்மை. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. ஈரத்தைக் குடித்து உப்புவதெல்லாம் அகலவாக்கில்தான். தேக்கு குறைவாக உப்பும் மரம். அப்படியும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு மடிப்பு, மடிப்புக்கு இரண்டு நெடுஞ்சட்டம், சட்டத்துக்கு நாலு அங்குலம், மொத்தம் 32 அங்குல அகலம். மரத்தின் ஈரம் நாலு சதவீதம் கூடினால் இந்த 32 அங்குலம் சுமார் கால் அங்குலம் பெருக்கிறது. ஒற்றைக் கதவில் இதில் நாலில் ஒரு பங்குதான், கொஞ்சம் இழைத்துவிட்டால் தீர்ந்தது. மடக்குக் கதவிலோ அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து நெட்டித் தள்ளும். இதுவும் சட்டம் கட்டிச் செய்த கதவுக்கான கணக்கு. எங்களுக்கு வந்தது அகலப் பலகைகளை அப்படியே ஒட்டிச் செய்த கதவு. வைரத்தோடு வெளுத்த மரத்தையும் கலந்திருந்தார்கள். இரண்டு முகத்துக்கும் பளபளவென்று பாலிஷ், கண்ணுக்குத் தெரியாத மேல் விளிம்பும் அடி விளிம்பும் பச்சை மரம். தண்ணீர் குடிக்க அதைவிட நல்ல வாய் மரத்துக்குக் கிடையாது.

2021-ல் மறுபடி செய்தோம். இந்தத் தடவை கடை வேண்டாம் என்று, திருவண்ணாமலைப் பக்கத்து ஆசாரி ஒருவரைப் பிடித்தேன். அவர் முதலில் மரத்தைப் பற்றிப் பேசவில்லை. "ஐயா, மழைக்காலத்துல இந்தச் சுவர்ல ஓதம் எதுவரைக்கும் ஏறும்?" என்று கேட்டார். ஆள் சரி என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பர்மாவிலிருந்து தேக்குத் தடி ஏற்றுமதி செய்வதை அந்நாடு 2014-ல் நிறுத்திவிட்டது. அதனால் புதுத் தேக்கு தேடி அலைவதைவிடப் பழைய மரமே மேல் என்றார். இடித்த வீட்டு உத்திரங்கள் எண்பது வருஷம் காய்ந்தவை. முறுக்க வேண்டியதெல்லாம் எப்போதோ முறுக்கி முடித்திருக்கும். காரைக்குடியில் பழைய கதவும் நிலையும் விற்கும் கடைத்தெருவில் அவர் போய்ப் பார்த்து வாங்கிவந்தார். (அங்கே விற்கும் ஒவ்வொரு நிலைக்கும் பின்னால் இடிந்த வீடு ஒன்று இருக்கிறது. என் வீட்டைக் காப்பாற்ற இன்னொருவர் வீட்டு மரம். இது எனக்கு முழுச் சம்மதமில்லைதான். விறகாகப் போகாமல் கதவாக நின்றதே என்று தேற்றிக்கொண்டேன்.)

சட்டங்களைத் துளையும் கழுந்துமாகப் பூட்டினார். கீழ்ப்பாதியில் மரப் பலகையைக் காடிக்குள் ஒட்டாமல் சும்மா செருகினார். அது உள்ளேயே உப்பட்டும், சுருங்கட்டும், சட்டத்தைத் தள்ளாது. மேல்பாதிக்கு டஃபன்ட் கண்ணாடி. நாலு மடிப்புக்கும் மேலும் கீழும் நீளத் தாழ்ப்பாள். இது அம்மாவின் கேள்விக்கு இரண்டு வருஷம் தாமதமாக வந்த பதில். கடைசி மடிப்பு மட்டும் தனியாகத் திறக்கும் சாதாரணக் கதவு. மற்ற மூன்றும் ஒன்றாக மடங்கும். துணி உலர்த்தப் போகிறவர் ஒவ்வொரு தடவையும் கதவு முழுவதையும் மடக்கவேண்டியதில்லை.

பாரத்தை மேலே தொங்கவிடுவதா, கீழே உருளவிடுவதா என்று பெரிய வாதம் நடந்தது. இந்த அளவுக்கு ஒரு மடிப்பு 30 கிலோவுக்குக் குறையாது. மடக்கி ஒதுக்கினால் மூன்று மடிப்புப் பாரமும் ஒரே மூலையில் சேரும். புதுக் கான்கிரீட் வீட்டில் மேலேயே தொங்கவிடலாம், தூசித் தொல்லை குறைவு. சுண்ணாம்புச் சுவருக்குக் கீழே உருளுவதே நல்லது என்பது என் கருத்து. கருங்கல் படி போட்டு, அதில் தண்டவாளம் பதித்து, மழைநீர் வெளியே ஓட வாட்டமும் துளையும் வைத்தோம். வாரம் ஒருமுறை விளக்குமாற்றால் அந்தக் காடியைப் பெருக்கவேண்டும். பெருக்காவிட்டால் ரோலர் அழும்.

அலுமினியம் உப்பாது, பாலிஷ் கேட்காது. ஃபிளாட்டில் இருந்தால் நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் பழைய சுவர் எதுவும் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்பதில்லை. மரத்தைச் சுவருக்கு ஏற்ப இழைக்கலாம். முப்பது வருஷம் கழித்து ஒரு சட்டம் உளுத்தால் அதை மட்டும் மாற்ற எந்தத் தெருவிலும் ஒரு தச்சர் இருப்பார். யூ.பி.வி.சி. பற்றிக் கேட்காதீர்கள், அந்த வெள்ளைச் சட்டத்தைத் தேக்கு உத்திரத்தின் கீழே கற்பனை செய்துகூடப் பார்க்க என்னால் முடியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. காற்று வரும் வழியில் கொசுவும் வரும். மாலை ஐந்தரைக்குக் கதவைச் சாத்திவிடுகிறோம். வருஷா வருஷம் மழைக்கு முன் எண்ணெய் தடவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறது.

மல்லேஸ்வரத்து நண்பரிடம் கடைசியாகத்தான், உங்கள் பின்வாசல் எவ்வளவு அகலம் என்று கேட்டேன். ஆறடி என்றார். ஆறடிக்கு மடக்குக் கதவு எதற்கு ஐயா? நல்லதாக ஒரு இரட்டைக் கதவு போட்டு, மேல்பாதிக்குக் கண்ணாடி வையுங்கள், பாதிச் செலவில் அதே வெளிச்சம் என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆசாரியின் விலாசத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.