எங்க ஊர் மரம், அவங்க ஊர் கிடார்

போன மாதம் என் மகளின் கிடாரில் தந்தி கட்டும் கட்டை பெயர்ந்து வந்துவிட்டது. வாங்கிய கடையில், 'ரிப்பேரெல்லாம் வேஸ்ட் சார், எட்டாயிரத்துக்குப் புதுசே இருக்கு' என்றார்கள். கிழக்கு தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் செய்த ஆசாரியிடம் எடுத்துப் போனேன்.

அவர் அதுவரை கிடாரைத் தொட்டதில்லை. விரலால் தட்டினார். காதருகே வைத்து மறுபடி தட்டினார். 'மேல் பலகை ப்ளைவுட்டு சார், அதான் சத்தம் செத்துக் கிடக்கு' என்றார். பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி வைத்திருந்து கொடுத்தார். கூலி 300 ரூபாய். நானும் பழக்க தோஷத்தில், 'இருநூத்தம்பது வெச்சுக்குங்களேன்' என்றேன்.

அந்த 50 ரூபாய்தான் உறுத்துகிறது. இந்த மனிதர் ஏன் கிடார் செய்யவில்லை? கை இருக்கிறது, காது இருக்கிறது. மரம்?

அதற்கு முன் இரண்டு தச்சர்கள். ஒருவர், இன்றைய கிளாசிக்கல் கிடாருக்கு உருவம் கொடுத்த ஸ்பெயின்காரர் அன்டோனியோ டி டோரஸ். 1817ல் பிறந்து, தச்சுப் பட்டறையில் உளி பிடித்து வளர்ந்தவர். சத்தத்தின் உயிர் மேல் பலகையில்தான் என்று நிரூபிக்க, 1862ல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து ஒரு கிடாரே கட்டிக் காட்டினார். நம்மாள் தட்டிப் பார்த்துச் சொன்ன அதே விஷயம்!

இன்னொருவர் ஜெர்மனியின் சி.எஃப்.மார்ட்டின். மேஜை, பீரோ செய்கிற தச்சர்கள் கிடார் செய்யக்கூடாது என்று அவர் ஊர் வயலின்காரர்கள் சங்கம் மல்லுக்கு நின்றது. மனிதர் 1833ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். அவர் கம்பெனி இன்றும் கிடார் செய்கிறது. அதன் பேர்பெற்ற டி-28 மாடலுக்கு முதலில் பிரேசில் ரோஸ்வுட். 1969 கடைசியில் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள்.

இந்திய ரோஸ்வுட் வேறெதுவுமில்லை, நம் ஈட்டி மரம், தோதகத்தி. முழு மரமாக ஏற்றுமதி செய்யத் தடை என்பதால் பலகையாக அறுபட்டுக் கப்பலேறுகிறது. திரும்பி வரும்போது லட்சங்களில் விலை. நான் பி.காம். படித்தவன், இந்தக் கணக்கு எனக்குப் புரியும். பலகை விலைக்கும் கிடார் விலைக்கும் நடுவே பெரும்பங்கு கைவேலையும் பெயரும். அதே கைவேலைக்கு இங்கே நாம் வைத்திருக்கும் பெயர் தினக்கூலி.

பேரம் பேசாமல் இ.எம்.ஐ.யில் வாங்குவது எதை? மரத்தூளைப் பசை போட்டு அழுத்தி, மேலே தேக்குப் படம் ஒட்டிய பீரோவை! 2015 டிசம்பர் வெள்ளம் முடிச்சூரில் புகுந்தபோது நண்பர் வீட்டு பீரோ ஊறி, பொரி மாதிரி உப்பிப்போனது. அவர் தாத்தாவின் தேக்குக் கட்டில், காய்ந்ததும் பழையபடி நின்றது. அதைச் செய்தது யாரென்று வீட்டில் எவருக்கும் தெரியவில்லை.

வீணை இருக்கிறதே என்பீர்கள். 2013ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது, சரி. ஒரே பலாக்கட்டையில் குடைந்த ஏகாந்த வீணையை சபாவில் பார்த்துக் கைதட்டுகிறோமே, செய்தவர் பெயரை மேடையில் எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்?

2023ல் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. குலத்தொழிலை வலுப்படுத்துகிறது என்று அதை ஏற்காத தமிழக அரசு, 'கலைஞர் கைவினைத் திட்டம்' கொண்டுவந்தது. சண்டை நியாயமானதுதான். ஆனால் கடனும் சில நாள் பயிற்சியும் போதாது. ஆசாரி முதல் நாலு கிடாரைக் கெடுத்தால்தான் ஐந்தாவது பாடும். கெடுத்துப் பழகும் அந்த ஆறு மாதத்துக்கு அவர் வீட்டில் உலை வைப்பது யார்?

அவர் மகன் டெலிவரி பைக் ஓட்டுகிறான். 'தொழில் கத்துக் கொடுக்கலியா?' என்று கேட்டேன். 'நான்தான் வேணாம்னுட்டேன் சார். தச்சு வேலைன்னா எவன் பொண்ணு குடுக்குறான்?'

250 ரூபாயை வாங்கிக்கொண்டு, கிடாரை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். 'நல்ல பலகையா கெடைச்சா சொல்லுங்க சார், மேல மாத்திப் பாத்துரலாம்' என்றார்.