ஓசூர் டு சேலம்: இறக்கத்தில் ட்ரெய்லர் லாரிகளுக்கு ஏன் பிரேக் பிடிப்பதில்லை?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஓசூரில் ஷிஃப்ட் முடித்து, சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ மதுரைக்கோ கிளம்புகிறீர்கள். தொப்பூர் இறக்கத்தில் முன்னால் டிராஃபிக் மெதுவாகிறது. ரியர் வியூ கண்ணாடியில் ஒரு கண்டெய்னர் லாரி. அது நிற்குமா?

அந்த ஒரு நொடி பயம் இந்த ரூட்டில் போய் வருகிற எல்லோருக்கும் தெரியும். விபத்து நடந்தால் மறுநாள் செய்தியில் வருகிற வார்த்தையும் தெரியும்: 'பிரேக் ஃபெயிலியர்'. டிரைவர் மீது வழக்கு, சில மணி நேர டிராஃபிக் ஜாம், அதோடு கதை முடிந்துவிடும். உண்மையில் அங்கே என்னதான் நடக்கிறது? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில், இது எப்படிப்பட்ட ரோடு?

தேசிய நெடுஞ்சாலை 44-ல் காரில் போகும்போது மலை இறங்குகிற மாதிரியே தெரியாது. ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் சுமார் 300 மீட்டர். நடுவில் 160 கி.மீ. தூரம்தான். அதாவது ஓசூரிலிருந்து தெற்கே போகும் ஒவ்வொரு லாரியும் 600 மீட்டர் கீழே இறங்கியாக வேண்டும்.

அந்த இறக்கம் சீராக இருந்தால் பிரச்சினை இல்லை. மாடிப்படி மாதிரி இருக்கிறது. சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே மேலுமலை கணவாய் ஒரு படி. தருமபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய் இன்னொரு படி. நடுவில் சமதளம். மேலுமலையைத் தாண்டி, தருமபுரி வரை நிம்மதியாக ஓட்டி வந்த டிரைவருக்கு, தொப்பூரில் திடீரென்று வளைவும் சரிவும் சேர்ந்து வருகின்றன.

வடக்கே பெங்களூரு, நடுவில் ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பேட்டைகள், தெற்கே தூத்துக்குடி துறைமுகம், மேற்கே கோவை, கேரளா. டூவீலர் ஏற்றிய கண்டெய்னர், இரும்புச் சுருள் ஏற்றிய ட்ரெய்லர், சிமெண்ட், கிரானைட் என எல்லாமே இந்த இரண்டு படிகளிலும் இறங்கித்தான் போகிறது.

தொப்பூரில் என்ன நடந்தது?

2020 டிசம்பர் 12. ஏற்கெனவே நடந்த ஒரு விபத்தால் தொப்பூரில் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து வந்த சிமெண்ட் லாரி பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதியது. நான்கு பேர் இறந்தனர்.

2024 ஜனவரி 24. அதே தொப்பூர். தறிகெட்டு வந்த லாரி முன்னால் போன வாகனங்கள் மீது மோதியதில், நடுவில் சிக்கிய கார் நசுங்கித் தீப்பிடித்தது. நான்கு பேர் இறந்தனர். சிசிடிவி காட்சி வாட்ஸ்அப்பில் சுற்றியது, நீங்களும் பார்த்திருக்கலாம்.

இரண்டிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது. இறந்தவர்கள் வேகமாகப் போய் மாட்டியவர்கள் இல்லை. முன்னால் போனவர்கள், நின்றவர்கள்.

பிரேக் நல்லாத்தானே இருக்கும், அப்புறம் ஏன் பிடிக்காது?

பிரேக் வேகத்தைக் குறைக்கிறது என்கிறோம். உண்மையில் அது வேகத்தை வெப்பமாக மாற்றுகிறது. இறக்கத்தில் வண்டியின் எடை முழுவதும் கீழ்நோக்கி இழுக்க, அந்த ஆற்றல் எங்காவது போயே ஆக வேண்டும்.

ஒரு சின்ன கணக்கு. 40 டன் ட்ரெய்லர் 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், சுமார் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதே உயரம் இறங்கும் 1.5 டன் காருக்கு 5 லிட்டர்தான். காற்றும் டயர் உராய்வும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை டிரைவர் முழுக்கப் பிரேக்கிலேயே சமாளித்தால், அவ்வளவு சூடும் சக்கரத்துக்குள் இருக்கும் டிரம்மில்தான் ஏறும்.

சூடானால் இரண்டு விஷயம் நடக்கிறது. இரும்பு டிரம் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் லைனிங்கை விட்டு விலகுகிறது. லைனிங்கும் பிடிப்பை இழக்கிறது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இதற்கு 'பிரேக் ஃபேட்' என்று பெயர். எந்தப் பாகமும் உடைந்திருக்காது. ஆறிய பிறகு சோதித்தால் பிரேக் சரியாகவே வேலை செய்யக்கூடும்!

ஏர் பிரேக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெடலை விட்டு விட்டு மிதித்தால் ஒவ்வொரு தடவையும் டேங்கில் இருக்கும் காற்று கொஞ்சம் செலவாகும். எஞ்சின் ஓடினால்தான் கம்ப்ரஸர் திரும்ப நிரப்பும்.

அப்போ எப்படி இறங்கணும்?

பழைய டிரைவர்கள் சொல்லும் விதி ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. குறைந்த கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் அந்தப் பிடி இன்னும் கூடும். பிரேக் பெடல் கூடுதல் உதவிக்கு மட்டும்.

இதில் முக்கியமான பாயிண்ட்: கியரை *இறக்கம் தொடங்கும் முன்பே* குறைக்க வேண்டும். வேகம் பிடித்த பிறகு கீழ் கியருக்கு மாற்ற முயன்றால் கியர் விழாது, வண்டி நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எக்ஸாஸ்ட் பிரேக்கும் உதவாது. 'பிரேக் ஃபெயிலியர்' என்று நாம் சொல்வது, பல நேரங்களில் சில கிலோமீட்டர் முன்னால், மேட்டின் உச்சியில் எடுத்த ஒரு தவறான முடிவின் கடைசிக் காட்சி.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் ஆகாதா?

இதுதான் உயிரைக் குடிக்கும் நம்பிக்கை. மைலேஜ் கணக்கை வைத்து டிரைவரை மதிப்பிடும் தொழிலில், இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கம் தலைமுறையாக வருகிறது. 2022 நவம்பர் 20 அன்று புனே நவலே பாலம் இறக்கத்தில் ஒரு லாரி மோதியதில் 48 வாகனங்கள் சேதமடைந்தன. டீசலை மிச்சப்படுத்த எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்கியிருக்கலாம் என்பது அப்போது எழுந்த சந்தேகம்.

வேடிக்கை என்னவென்றால், இப்போதைய எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் கணக்கு தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால், எஞ்சினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால், எஞ்சின் அணையாமல் இருக்க ஐடிலிங்குக்கு டீசல் செலவாகும். ஆக, உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பது பூஜ்யம். இந்தத் தகவல் எத்தனை டிரைவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது என்பதே கேள்வி.

ட்ரெய்லருக்கு மட்டும் ஏன் கூடுதல் ஆபத்து?

ட்ரெய்லர் என்பது ஒரு வண்டி இல்லை, இரண்டு வண்டி. முன்னால் இழுக்கும் ஹார்ஸும் பின்னால் வரும் மேடையும் ஒரு பின்னில்தான் இணைகின்றன. பின்பக்கப் பிரேக் பலவீனமாக இருந்தால், முன்பக்கம் நிற்கப் பார்க்கும்போது பின்பக்கம் தள்ளும். வளைவில் இது நடந்தால் பேனாக்கத்தி மடிவது போல வண்டி மடங்கிவிடும். ஹார்ஸ் புதுசாக, நல்ல கண்டிஷனில் இருந்தும், அதில் மாட்டியிருக்கும் ட்ரெய்லர் பத்து வருடம் பழசாக இருப்பது சகஜம்.

வளைவில் இன்னொன்று: பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன பாதையில் போகாது, உள்பக்கமாக வெட்டிப் போகும். வண்டி நீளம் கூடக்கூட இந்த வெட்டும் கூடும். 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் நீளமான லாரிகள் அடிக்கடி சிக்கி நின்றது இதனால்தான். அங்கே வனவிலங்குகளுக்காக 2022 பிப்ரவரியில் இரவுப் போக்குவரத்துத் தடை அமலானது. பகலிலும் கனரக வாகனங்களுக்கு எடை வரம்பு வந்தது. தொப்பூருக்கு அப்படித் தடை போட முடியாது. அது தென்மாவட்டங்களின் கழுத்து நரம்பு.

தீர்வு என்ன? மேம்பாலம் வருகிறதே?

தொப்பூரில் சுமார் 6.6 கி.மீ. தூரத்துக்கு, ரூ.775 கோடி மதிப்பில் உயர்மட்டச் சாலைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. சரிவும் வளைவும் குறைந்தால் ஆபத்து கண்டிப்பாகக் குறையும். ஆனால் மேலுமலை அப்படியேதான் இருக்கும். நியூட்ரல் பழக்கமும் பழைய ட்ரெய்லர் பிரேக்கும் அப்படியே இருக்கும்.

செலவு குறைவான வேலைகளும் உண்டு. இறக்கத்துக்கு முன்னால் கனரக வண்டிகள் கட்டாயம் நின்று, பிரேக்கையும் காற்றழுத்தத்தையும் பார்த்து, முதல் கியரிலிருந்து கிளம்பும் இடம் ஒன்று. நின்று கிளம்பினாலே வேகம் குறைந்துவிடும். கட்டுப்பாடு இழந்த வண்டி ஏறி நிற்க, ஜல்லி நிரப்பிய மேடான தப்பிக்கும் பாதை இன்னொன்று; சக்கரம் ஜல்லியில் புதைந்து வண்டி நிற்கும். மூன்றாவது, எஃப்சி. எட்டு வருடம் வரையிலான சரக்கு வாகனங்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் தகுதிச் சான்று. மலை இறங்கும் ரூட்டில் ஓடும் ட்ரெய்லருக்கு அந்த இடைவெளி போதுமா?

இவற்றில் எதுவும் டிரைவரை மட்டும் குற்றவாளி ஆக்காது. மைலேஜ் கேட்கும் ஓனர், டைம் கேட்கும் கம்பெனி, ரோடு போடும் துறை என எல்லோரையும் கணக்கில் கொண்டுவரும். 'பிரேக் ஃபெயிலியர்' என்ற வார்த்தை செய்யாத வேலை அது.

நான் கார்தானே ஓட்டறேன், எனக்கு என்ன?

மூன்று விஷயம்.

ஒன்று, இறக்கத்தில் கனரக வண்டிக்கு முன்னால் கட் அடித்து நுழையாதீர்கள். முன்னால் டிராஃபிக் நின்றிருந்தால் தூரத்திலேயே ஹசார்ட் லைட் போட்டு மெதுவாக்குங்கள். இரண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டுவதைத் தவிர்க்கப் பாருங்கள்.

இரண்டு, ஏற்காட்டின் 20 வளைவானாலும் கொல்லிமலையின் 70 வளைவானாலும் விதி ஒன்றுதான்: கீழ் கியர். ஆட்டோமேட்டிக் காரில் 'எல்' அல்லது மேனுவல் மோடு. எலெக்ட்ரிக் காரில் ரீஜென் பிரேக்கிங் அருமையாக வேலை செய்யும். ஆனால் பேட்டரி 100 சதவீதம் நிரம்பியிருந்தால் அந்த ஆற்றலைச் சேமிக்க இடம் இருக்காது, ரீஜென் குறைந்துவிடும். மலை உச்சியில் ஃபுல் சார்ஜ் போட்டுக் கிளம்புவது நல்ல ஐடியா இல்லை.

மூன்று, லாங் வீக்கெண்டுக்கு காருக்குப் பின்னால் கேம்பர் ட்ரெய்லர் மாட்டிப் போகும் ஆசை இருக்கிறதா? மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். தனிப் பதிவு வேண்டும். கனமான சாமான்களைப் பின் முனையில் அடுக்காமல் அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலும் வையுங்கள். பின்பாரம் கூடினால் ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும், இறக்கத்தில் அது இன்னும் மோசமாகும். ஆட ஆரம்பித்தால் சடன் பிரேக் வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொப்பூர் உச்சியில் ஒரு லாரி 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தால் ஹாரன் அடிக்காதீர்கள். சரியாக ஓட்டுகிறவர் அவர்தான்.