எண்ணப்படாத வௌவால்களும் ஆளில்லா வீடுகளும்

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை, நாடு முழுவதும் மக்கள் தங்கள் வளவுகளிலும் வயல்களிலும் நின்று குரங்கு, மயில், மர அணில் போன்றவற்றை எண்ணினார்கள். பயிர்களை நாசமாக்கும் விலங்குகளின் தொகை தெரிந்தால்தான் கட்டுப்படுத்தலாம் என்றது விவசாய அமைச்சு. அந்த 5 நிமிடக் கணக்கெடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது புங்குடுதீவில் ஒரு ஆச்சி என்னைக் கேட்டார்:

"உதெல்லாத்தையும் எண்ணினவை, எங்கடை வௌவாலை ஏன் பிள்ளை எண்ணேல்லை?"

காலை எட்டு மணிக்கு வௌவால் தூங்கிவிடும் ஆச்சி என்றேன்.

"அது எங்கை தூங்குதெண்டு எங்களைக் கேட்டால் காட்டுவம்தானே" என்று பக்கத்து வளவைக் காட்டினார்.

மடத்துவெளிப் பக்கமிருந்த அந்த வீடு ஒரு காலத்தில் நல்ல வசதியான கல்வீடு. தென்னிலங்கையில் கடை வைத்திருந்த ஒருவர் கட்டியது. இன்று விறாந்தைத் தூண்கள் மட்டும் நிமிர்ந்து நிற்கின்றன. கூரையில் பாதி ஓடுகள் இல்லை. கதவுகளையும் யன்னல்களையும் யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாமி அறை மட்டும் இருட்டாக, மழை படாமல் இருக்கிறது. வௌவால்கள் தெரிவு செய்திருப்பது அந்த அறையைத்தான். நிலத்தில் ஒரு சாண் உயரத்துக்கு எச்சம். மூக்கைப் பொத்தாமல் வாசலில் நிற்க முடியாது.

இப்படி எத்தனை வீடுகள் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. வாணர் பாலத்தைத் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைவரை பேருந்தில் போகிற எவரும் யன்னலால் பார்த்துக்கொண்டே போகலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற கூட்டம் தினமும் இந்த இடிபாடுகளைக் கடந்துதான் போகிறது.

வெறுமையின் வரலாறு

புங்குடுதீவார் போருக்கு முன்பே ஊர் விட்டுப் போய் உழைத்தவர்கள். கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் அவர்களுக்குக் கடைகள் இருந்தன. உழைத்த காசு ஊரில் வீடாகவும் கோவிலாகவும் பள்ளிக்கூடமாகவும் நின்றது. 1977, 1983 வன்செயல்கள் அந்தக் கடைகளை எரித்தன. 1990 ஓகஸ்டில் தீவகத்துக்குள் இராணுவம் நுழைந்தது. அடுத்த ஆண்டு புங்குடுதீவும் பெருமளவில் வெறுமையானது. வன்னிக்கும் குடாநாட்டுக்கும் இந்தியாவுக்கும் போனவர்களில் பலர் பின்னர் சுவிஸ், பிரான்ஸ், கனடா என்று நிரந்தரமாகிவிட்டார்கள்.

2009இல் போர் முடிந்தது. திரும்பி வந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும், போக வேறு இடமில்லாதவர்களும்தான். கோவில் திருவிழாக் காலத்தில் ஊர் நிறைகிறது. கொடி இறங்கியதும் மீண்டும் வெறிச்சோடுகிறது. மனிதர் இல்லாத அந்த மிச்ச மாதங்களில் கூரைகளுக்குக் கீழே குடியிருப்பவை வௌவால்கள்.

ஆகவே வௌவால் பிரச்சினையை வெறும் விலங்குப் பிரச்சினையாகப் பார்க்க முடியாது. வீட்டுக்காரர் சூரிச்சிலோ ரொறன்ரோவிலோ இருக்கிறார். எச்சத்தின் மணமும், கிணற்றில் விழும் அழுக்கும், கடித்துப் போட்ட கொய்யாப்பழமும் பக்கத்து வளவில் தங்கியிருக்கிற ஆச்சிக்கு. போரில் ஊரை விட்டுப் போக முடியாதவர்களும் திரும்பி வந்தவர்களும், போனவர்களின் வீட்டுச் சுமையையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

பயம் எவ்வளவு, உண்மை எவ்வளவு?

கொரோனாவுக்குப் பிறகு வௌவால் என்றாலே நோய் என்ற எண்ணம் எங்கும் பரவிவிட்டது. பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 2018இல் நிபா வைரஸ் 17 பேரைப் பலிகொண்டது. அந்த வைரஸைச் சுமப்பவை பெரிய பழந்தின்னி வௌவால்கள். இலங்கையிலும் பழந்தின்னி வௌவால்களில், நீர்வெறுப்பு நோய்க் கிருமிக்கு உறவான ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டு, 2016இல் கன்னொறுவையின் பெயரால் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வௌவால் கடித்தால் அல்லது கீறினால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பே இல்லை. நிலத்தில் விழுந்து கிடக்கிற வௌவாலைப் பிள்ளைகள் கையால் தூக்கக் கூடாது.

நம்மூருக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. பங்களாதேசில் நிபா மனிதருக்குத் தொற்றிய முக்கிய வழி, வௌவால் வாய் வைத்த பச்சை ஈச்சஞ்சாறு. பனையில் கட்டிய முட்டியிலும் வௌவால் வாய் வைக்கும் என்பது சீவல் தொழிலாளிகளுக்குத் தெரியாததல்ல. இலங்கையில் நிபா மனிதருக்கு வந்ததாகப் பதிவில்லை. இருந்தாலும் முட்டியின் வாயை மூடிக் கட்டுவது பெரிய செலவில்லாத பாதுகாப்பு.

காய்ந்த எச்சத்தைக் கூட்டும்போது எழும் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். விடுமுறையில் வந்து பழைய வீட்டை ஒரே நாளில் துப்புரவாக்க முயல்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். முதலில் தண்ணீர் தெளித்து நனைக்கவேண்டும். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஈரமாகவே அள்ளிப் புதைக்கவேண்டும்.

இரவு வேலைக்காரர்

இந்தப் பயத்தின் மறுபக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. வௌவால் எல்லாம் ஒன்றல்ல. இலங்கையில் ஏறத்தாழ 30 இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை பழத்தைத் தொடாதவை. பூச்சியை மட்டுமே தின்பவை. ஓட்டு இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒடுங்கிக் கிடக்கிற கைப்பிடியளவு வௌவால்கள் இந்த வகை. ஒரு சிறு பூச்சியுண்ணி வௌவால் ஒரே இரவில் தன் உடல் நிறையில் பாதியளவு பூச்சியைத் தின்னும். பால் கொடுக்கும் தாய் அதைவிடவும் அதிகம் தின்னும்.

தாய்லாந்தில் ஒரு வகை வௌவால் நெல்வயலின் வெண்முதுகுத் தத்தியைத் தின்பதால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 26,000 பேருக்குரிய அரிசி காப்பாற்றப்படுகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த செய்தி இன்னும் கடுமையானது. அங்கு ஒரு பூஞ்சை நோயால் வௌவால்கள் கூட்டம் கூட்டமாக இறந்த மாவட்டங்களில் விவசாயிகள் தெளித்த பூச்சிமருந்து 31 சதவீதம் கூடியது. குழந்தை இறப்பும் ஏறத்தாழ 8 சதவீதம் உயர்ந்தது. 2024இல் இதை வெளிப்படுத்தியவர் பொருளியலாளர் எயால் ஃபிராங்க். வௌவால் போன இடத்தை நஞ்சு நிரப்பியது. அந்த நஞ்சு குழந்தையிடம் போய்ச் சேர்ந்தது.

2018இல் சேனா படைப்புழு சோளத்தை அழித்ததையும், 2021இல் இரசாயன உரமும் மருந்தும் திடீரென நிறுத்தப்பட்டபோது விவசாயி பட்ட பாட்டையும் நாம் மறந்திருக்க முடியாது. படைப்புழுவின் தாய் ஓர் இரவு அந்துப்பூச்சி. இரவில் பறக்கிற அந்துப்பூச்சியை வேட்டையாட வௌவாலைவிடச் சிறந்த ஆள் இல்லை.

பழந்தின்னிகளுக்கும் கணக்கு இருக்கிறது. இலுப்பைப் பூ இரவில் மலர்கிறது. அதன் மகரந்தச் சேர்க்கையில் வௌவால்களுக்குள்ள பங்கை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கோவில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் ஊற்றிய ஊர்கள் நம்முடையவை. இந்தியச் சட்டம் பழவௌவாலை எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது.

டெங்குக்கு வௌவால் மருந்தா?

வௌவால் இருந்தால் டெங்கு வராது என்று சமூக ஊடகங்களில் எழுதுகிறார்கள். இது சரியல்ல. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலில், முக்கியமாகக் காலையிலும் மாலை மங்குமுன்னும் கடிக்கிறது. வௌவால் வெளிக்கிடுவது பொழுது பட்ட பிறகு. இரவில் பறக்கிற மற்ற நுளம்புகளை அது பிடிக்கும். ஈடிஸை அடக்க நாம்தான் வேலை செய்யவேண்டும்.

அந்த வேலை இருப்பதும் ஆளில்லா வளவில்தான். ஈடிஸ் நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டுமல்ல, உவர்த்தன்மையுள்ள நீரிலும் பெருகும் என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோபிள் சுரேந்திரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோரங்களில் கண்டறிந்து வெளியிட்டார்கள். உவர்க் கிணறுகளே அதிகமுள்ள தீவகத்துக்கு இது நேரடியான எச்சரிக்கை. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு இறுதியில், கிணறுகளிலும் தாங்கிகளிலும் பெருகக்கூடிய புதிய மலேரியா நுளம்பு இனமொன்று மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. 2017இல் மட்டும் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஆச்சியின் பூச்சாடியைக் கவிழ்த்துப் பார்க்கிறார். மதிலுக்கு அப்பால் மூடாமல் கிடக்கிற கிணற்றைக் காட்டினால், உரிமையாளர் எங்கே என்று கேட்கிறார். அந்தக் கேள்வியோடு எல்லாம் நின்றுவிடுகிறது.

திறப்பு யாரிடம்?

உரிமையாளர்கள் மனமில்லாதவர்கள் என்று சொல்வதும் அநியாயம். அந்த வீட்டுக்கு ஐந்து உரித்தாளிகள், மூன்று நாடுகளில். தேசவழமைப்படி பங்குக் காணியை விற்பதென்றால் முதலில் பங்காளிகளுக்கு அறிவிக்கவேண்டும். ஒருவருக்கு விற்க விருப்பம், ஒருவருக்கு அம்மாவின் நினைவு, ஒருவர் தொலைபேசியே எடுப்பதில்லை. யாரையாவது குடியிருத்தினால் 10 ஆண்டு கழித்து ஆட்சியுரிமை கேட்டுவிடுவாரோ என்ற பயம் எல்லோருக்கும் பொது. ஆனால் உரிமையாளரின் அனுமதியோடு பராமரிக்கிற ஒருவர், வெறுமனே ஆண்டுகள் கழிந்ததால் உரிமையாளராகிவிட மாட்டார். அனுமதியை எழுத்தில், சட்டத்தரணி முன்னால் வைத்துக்கொண்டால் இந்தப் பயத்தில் பெரும்பகுதி தீரும்.

வௌவாலைக் கலைக்க வெடி கொளுத்துவதும், புகை போடுவதும், பூச்சி உருண்டை வைப்பதும் பயனில்லை. அவை அடுத்த வீட்டுக்குப் போகும், அல்லது மறுநாள் திரும்பும். முதலில் பொழுது படும்போது வெளியே நின்று, எந்த ஓட்டையால் வெளிக்கிடுகின்றன என்று பார்க்கவேண்டும். அந்த இடத்தில் வலையை மேலே மட்டும் இறுக்கி, கீழே தொங்கவிட்டால் வௌவால் வெளியேறும், திரும்பி நுழையாது. சில இரவுகள் கழித்து ஓட்டையை நிரந்தரமாக அடைக்கலாம். குட்டிகள் இருக்கிற காலத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளே செத்து நாறும். பெரும்பாலான வௌவால்கள் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். அழிந்த கூட்டம் மீள நெடுங்காலம் எடுக்கும்.

ஆகவே என் வாதம் இதுதான். மனிதர் வாழும் வீட்டின் கூரையை மனிதருக்காக அடையுங்கள். வளவிலுள்ள பெருமரங்களை வௌவாலுக்கு விடுங்கள். கிணற்றுக்கு வலை போடுங்கள். கோவில் திருவிழாவுக்கும் மண்டபத்துக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு, அயலில் உள்ள ஆளில்லா வளவுகளின் பராமரிப்புக்கும் போகட்டும். வேலணைப் பிரதேச சபையும் சுகாதாரப் பகுதியும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து, ஒவ்வொரு வெறும் வளவுக்கும் பொறுப்பான ஒரு தொலைபேசி இலக்கத்தையாவது திரட்டலாம். குரங்கை எண்ண முடிந்த நாட்டுக்கு இது பெரிய வேலையல்ல.

மாலை ஆறரை தாண்டியதும் ஆச்சியின் முற்றத்தில் நின்று பார்த்தேன். சாமி அறைக் கூரை இடுக்கால் முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு எண்ண முடியாதபடி வெளிக்கிட்டன. ஆச்சி சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டார். மூத்த மகன் அன்று காலை கனடாவிலிருந்து எடுத்ததாகவும், ஓடு மாற்ற எவ்வளவு செலவாகும் என்று கேட்டதாகவும் சொன்னார்.

"நான் மேசனைக் கேட்டுச் சொல்லுறன் எண்டனான். குட்டி பறக்கட்டும், பிறகு பாப்பம். அதுகளும் எங்களை மாதிரித்தானே, போக இடமில்லாமல் வந்ததுகள்."