பழைய கார் வாங்கப் போகிறீர்களா? பகலில் போய்ப் பாருங்கள்!

அம்பாஸடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய நாளில், தெருவுக்கு ஒரு கார் இருந்தாலே பெரிய விஷயம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்கள் காரைத் திரும்பிப் பார்க்கத் துணிந்தன. இன்றைக்கோ இரண்டு குழந்தைகளையும் மாமியாரையும் ஒரே ஸ்கூட்டரில் ஏற்ற முடியாது என்ற நிலை வந்ததுமே வீட்டில் கார் பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது. புதுசு வாங்க வசதி இல்லை, ஒரு பழைய வண்டி பார்க்கலாமே என்கிறார் வீட்டுக்காரர்.

பணம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் கட்டிய சீட்டு, அடகுக் கடைக்குப் போகும் உங்கள் வளையல், பெண்ணின் படிப்புக்கென்று போட்டு வைத்த டெபாசிட். ஆனால் வண்டியைப் பார்க்கக் கிளம்பும்போது மட்டும், "நீ வந்து என்ன பண்ணப் போறே? கலர் என்ன வேணும்னு சொல்லு, போதும்" என்று விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சகோதரிகளே, கூடவே கிளம்புங்கள்! வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற நமக்கு, பட்டுப் புடவையைக் கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கிற நமக்கு, பழைய கார் பார்க்கவும் கண் உண்டு. எஞ்சின் சாஸ்திரம் மெக்கானிக்குக்குத் தெரிந்தால் போதும்.

முதலில் கணக்கு

கையில் 3 லட்சம் இருந்தால் 3 லட்சத்துக்குக் கார் தேடாதீர்கள். 2,60,000 வரையில் பாருங்கள். பெயர் மாற்றும் செலவு, இன்ஷூரன்ஸ், முதல் சர்வீஸ், ஒரு பாட்டரி, இரண்டு டயர் என்று வாங்கிய மாதமே செலவு காத்துக் கொண்டிருக்கும். 

புது வண்டியின் விலையையும் விசாரித்துவிட்டே பழசுக்கு விலை பேசுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு, அதாவது 4 மீட்டர் நீளத்துக்குள் 1200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு, ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மேலே போட்டிருந்த செஸ்ஸும் போய்விட்டது. புதுசின் விலை இறங்கியிருக்கும்போது, பழசுக்கு மட்டும் பழைய விலையையே கேட்டால் நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

கடன் வாங்குவதாக இருந்தால் ஒரு சூட்சுமம் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் "8 சதவீதம்தாம்மா, ஃப்ளாட் ரேட்" என்பார். வங்கியிலோ 9 சதவீதம் சொல்வார்கள். 8 தானே குறைவு என்று தோன்றும். 5 லட்சம் கடனை 5 வருஷத்தில் அடைப்பதாகப் போட்டுப் பார்ப்போம். ஃப்ளாட் ரேட்டில் கட்டக் கட்ட அசல் குறைந்தாலும், வட்டி முழு 5 லட்சத்துக்கும் ஓடும். வருஷத்துக்கு 40,000 வீதம் 5 வருஷத்துக்கு 2 லட்சம் வட்டி. மாதத் தவணை 11,667 ரூபாய். வங்கியில் மீதி நிற்கிற அசலுக்கு மட்டும் வட்டி. 9 சதவீதத்தில் தவணை 10,379 ரூபாய்தான், மொத்த வட்டி ஏறக்குறைய 1,22,750. ஆக, 8 என்று சொன்னது 9-ஐ விட 77,000 ரூபாய் அதிகம்! உண்மையில் அது வங்கிக் கணக்குக்கு சுமார் 14 சதவீதம். "ஃப்ளாட் ரேட்டா, குறைந்து வரும் அசலுக்கா?" என்று ஒரு கேள்வி கேட்க மறக்காதீர்கள்.

பகல் வெளிச்சம், உலர்ந்த வண்டி, ஆறிய எஞ்சின்

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு வண்டி பார்க்கப் போகாதீர்கள். அப்போதுதான் கழுவி ஈரமாக நிறுத்தியிருந்தாலும் காயும் வரை பொறுங்கள். ஈரத்தில் கீறலும் ஒடுக்கும் தெரியாது. காய்ந்த பிறகு பக்கவாட்டில் நின்று, நீளவாக்கில் பாருங்கள். ஒரு கதவு மட்டும் நிறம் ஒரு மாற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ இருந்தால், அங்கே டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கதவு ரப்பரின் ஓரத்தில் பெயிண்ட் தெறித்திருக்கிறதா, பானெட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். சின்ன உரசல் எல்லா வண்டிக்கும் உண்டு. அதற்காக ஒதுக்க வேண்டாம். ஆனால் எதனால் என்று கேட்டால் நேராகப் பதில் வர வேண்டும்.

"நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய எஞ்சின் கிளம்ப அடம் பிடிப்பதை மறைக்க ஓட்டி வைத்திருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. குளிரில் முதலில் கொஞ்சம் வெள்ளையாக வருவது சகஜம். நிற்காமல் வெள்ளைப் புகை வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் உட்பக்கம் பால் கலந்த காபி மாதிரி ஏடு படிந்திருந்தால் மெக்கானிக்கைக் கட்டாயம் கேளுங்கள்.

மீட்டர் பொய் சொல்லும், பெடல் சொல்லாது

கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது பழைய வித்தை. மீட்டர் 35,000 என்று காட்டும். பிரேக் பெடலின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்து, டிரைவர் சீட் பள்ளமாகிக் கிடக்கும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். பில்லில் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறிக் கொண்டு வர வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரானது. மீட்டரில் 20,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு நாலு டயரும் மாற்றியிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டாமா? ஸ்டெப்னியையும் விடாதீர்கள்.

வெள்ளத்தில் நனைந்த வண்டி

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் அடித்த 2023 டிசம்பரிலும் சென்னையில் தெருவோடு கார்கள் தண்ணீரில் நின்றதைப் பார்த்தோம். அவற்றில் எத்தனையோ வண்டிகள் துடைத்துக் காயவைத்து வேறு ஊருக்கு விற்பனைக்குப் போயிருக்கும். தண்ணீர் புகுந்த வண்டியில் ஒயர்கள் உள்ளுக்குள் மெல்லப் பச்சைப் பூத்து, மாதங்கள் கழித்து நடுரோட்டில் காலை வாரும்.

இதைக் கண்டுபிடிக்க நம்மை விட ஆள் இல்லை. உள்ளே உட்கார்ந்து கதவையும் கண்ணாடிகளையும் மூடிக் கொள்ளுங்கள். மழைக்காலத்தில் காயாத துணிக் கூடையின் வாடை வருகிறதா? வாசனைப் புட்டி நாலைந்து தொங்கவிட்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பாருங்கள். செம்மண் கறை ஒட்டினால் விஷயம் வெளியே வந்துவிடும். சீட் நகரும் தண்டவாளத்தின் அடியில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி படுக்கும் பள்ளத்தில் சேறு, கார்பெட்டுக்குக் கீழே ஈரம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எது இருந்தாலும் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

குழந்தைகள் உட்காரும் இடம்

2019 ஜூலைக்குப் பிறகுதான் எல்லாக் கார்களிலும் டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் ஏர்பேக் இல்லாமலும் இருக்கலாம். சாவி திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் ஏதோ மறைத்திருக்கிறார்கள்.

பின் சீட்டில் எத்தனை பெல்ட் இருக்கிறது, கொக்கி மாட்டுகிறதா என்று நீங்களே மாட்டிப் பாருங்கள். அநேக வண்டிகளில் அவை சீட்டுக்கு அடியில் போய்ப் புதைந்திருக்கும். கைக்குழந்தையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்காருவது நமக்குப் பழக்கம். தயவு செய்து விட்டுவிடுங்கள். சடக்கென்று பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தை சீட் வாங்கிப் பின் சீட்டில் பொருத்துவதுதான் சரி. ஏர்பேக் உள்ள முன் சீட்டில், பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டை வைக்கவே கூடாது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டமும் திருத்தப்பட்டிருக்கிறது.

காகிதம்தான் கார்

வண்டி பிடித்துவிட்டது என்று அட்வான்ஸை நீட்டிவிடாதீர்கள். ஆர்.சி.யை வாங்கி, சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். விற்கிறவரும் ஆர்.சி.யில் உள்ளவரும் ஒருவர்தானா? எத்தனையாவது ஓனர்? கட்டாத அபராதம் இருக்கிறதா? மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பிள்ளைகளை விட்டே பார்க்கச் சொல்லலாம்.

ஆர்.சி.யில் வங்கிப் பெயர் ஏறியிருந்தால், கடன் முடிந்ததற்கு வங்கிக் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளி மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸின் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. நம் மாநிலத்தில் வரி எவ்வளவு கட்ட வேண்டும் என்றும் முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள். பதிவுக்கு 15 வருஷம்தான் ஆயுள். அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். 13 வருஷ வண்டியை மலிவென்று வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். "நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவீதம் இருக்குங்க" என்று விற்பவர் சொன்னால் மயங்க வேண்டாம். அது அவருக்குச் சேர்ந்தது. வண்டியோடு உங்களுக்கு வராது.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பழைய வண்டியைப் புரோக்கரிடம் கொடுத்து, வெற்றுப் படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வண்டி கை மாறி, கை மாறி எங்கேயோ போயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு விபத்து வழக்கில் கோர்ட் சம்மன் வீட்டு வாசலில் வந்து நின்றது. "வித்துட்டோமே, எங்களுக்கென்ன?" என்று அந்த அக்கா அழாத நாள் இல்லை.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வண்டி பல கை மாறியிருந்தாலும், ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள். சாவியைக் கொடுக்கும்போது தேதி மட்டுமல்ல, மணியும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் ஒன்று வைத்துக் கொள்ளுங்கள். வாங்கியவர் பெயர் ஏறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும் வரை விடாதீர்கள்.

கணவரை இழந்த சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று. அவர் பெயரில் உள்ள வண்டியை யாராவது "நான் பாத்துக்கறேன் அண்ணி" என்று அப்படியே விற்றுத் தர முன்வந்தால் சம்மதிக்காதீர்கள். படிவம் 31 கொடுத்து முதலில் வாரிசு பெயருக்கு மாற்றி, அதன் பிறகு விற்பதே முறை. விற்ற பணமும் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும்.

கிளம்பும்போது

கைப்பையில் ஒரு டார்ச், வெள்ளைக் கைக்குட்டை, சின்ன நோட்டு, பேனா எடுத்துக் கொள்ளுங்கள். விற்பவரோடு சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். அந்தச் சில நூறு ரூபாய் வீண் போகாது. பத்து கிலோமீட்டராவது, மேடு பள்ளம் உள்ள ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். ஏ.சி.யைப் போட்டுவிட்டு மேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பணத்தை வங்கி மூலமே கொடுத்து, அட்வான்ஸுக்கும் ரசீது கேளுங்கள்.

"இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வர்றாங்கம்மா, இப்பவே முடிச்சுடுங்க" என்று அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டிக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். மறுநாள் அவரே போன் செய்வார். செய்யாவிட்டாலும் நஷ்டமில்லை, வளையல் பெட்டியில் இருக்கிறது, வண்டி இன்னொன்று வரும்.